மண்வெட்டி இருந்த இடத்தில் கோழிகள்

எங்கள் தோட்டத்தின் மூலையில் ஒரு மரக் கொட்டகை இருந்தது. எட்டடி நீளம், ஆறடி அகலம். அப்பா இருந்தவரைக்கும் மண்வெட்டி, கடப்பாரை, பூவாளி, உர மூட்டை எல்லாம் அதில்தான் இருந்தன. அவருக்குப் பிறகு அது சாமான் அடைசலாகிவிட்டது. கோழி வளர்க்கும் ஆசை வந்தபோது, புதிதாகக் கூண்டு வாங்குவானேன், இதையே மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றியது. கூரை இருக்கிறது, நான்கு சுவர் இருக்கிறது, ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம் இருக்கிறது. கோழிகள் ஏறி அடைய ஒரு கட்டையும் முட்டையிட இரண்டு பெட்டியும் வைத்தால் முடிந்தது என்று கணக்குப் போட்டேன்.

வேலை முடிய ஆறு வாரம் ஆயிற்று. முடிந்த பிறகும் இரண்டு முறை பிரித்துக் கட்ட நேர்ந்தது. சாமான் கொட்டகையைக் கட்டுகிறவர், காற்று புகக் கூடாது, சாரல் படக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார். மண்வெட்டிக்கு அது போதும். கோழியோ இரவெல்லாம் மூச்சு விடுகிறது, எச்சமிடுகிறது. இரண்டிலும் ஈரம் இருக்கிறது. இதைத் தொடக்கத்திலேயே மனத்தில் வாங்கியிருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். இரண்டு கோழிகளும் இன்று உயிரோடு இருந்திருக்கும்.

முதல் வேலை சுத்தம் செய்வது. இதில் அவசரமே கூடாது. பல ஆண்டுகள் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் வைத்திருந்த இடம் அது. ஒரு மூலையில் தரைப் பலகை மேல் எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒரு கறை, மருந்துப் புட்டி கசிந்த இடம். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன், வாடை போகவில்லை. அந்த இரண்டு பலகைகளையும் கழற்றிவிட்டு வேறு பலகை அடித்தேன். கோழி தரையைக் கிளறிக் கொத்தியே வாழ்கிறது. தரையில் என்ன ஊறியிருக்கிறதோ அது வயிற்றுக்குள்ளும் போகும், முட்டைக்கும் வரும்.

அடுத்தது ஆணிகள். கோழிக்குப் பல் கிடையாது. சின்னக் கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்துக்கொண்டு, அவற்றால்தான் தானியத்தை அரைக்கிறது. அதனால் சிறிதாக, பளபளப்பாக எது கிடந்தாலும் கொத்தி விழுங்கிவிடும். ஆணி குடலைக் கிழிக்கலாம். துத்தநாகப் பூச்சுள்ள கம்பித் துண்டு வயிற்றில் கரைந்து நஞ்சாகலாம். பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்த வட்டக் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுவதும் இழுத்துப் பார்த்தேன். இருமுறை பெருக்கி, ஒருமுறை துடைத்த தரை அது. அப்படியும் காந்தத்தைத் திருப்பியபோது விளிம்பெல்லாம் மயிர் முளைத்ததுபோல இரும்புத் துகள் நின்றது. நடுவில் ஐந்தாறு குட்டை ஆணிகள், பாதித் திருகு ஒன்று, பிளேடின் உடைந்த முனை ஒன்று. அன்று முதல் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் மாலையில் ஒருமுறை காந்தத்தை இழுத்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது; அவற்றைக் குனிந்து கண்ணால்தான் பொறுக்க வேண்டும்.

சுவரில் பழைய பெயின்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. பழங்காலத்துப் பெயின்டுகளில் ஈயம் கலப்பது வழக்கமாக இருந்தது. ஈயம் கோழியின் உடம்பில் தங்கும், முட்டை வழியாக வீட்டுக் குழந்தைகள் வரைக்கும் வரும். உலர்ந்த பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூளை நாமே மூச்சில் இழுத்துவிடுவோம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சுவரை நனைத்து, பெயர்ந்து நின்றதை மட்டும் சுரண்டி, கீழே விரித்திருந்த பிளாஸ்டிக் தாளோடு சுருட்டி அப்புறப்படுத்தினேன். பிறகு கோழிக்கு எட்டும் உயரம் வரைக்கும் புதிய ஒட்டுப்பலகையை அடித்து மூடிவிட்டேன். உங்கள் கொட்டகையின் வயது தெரியாவிட்டால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

எத்தனை கோழி வளர்ப்பது என்பதில் ஆசை கணக்கை மீறப் பார்க்கும். நடுத்தர உடம்புள்ள கோழி ஒன்றுக்குக் கூண்டுக்குள் 4 சதுர அடி, வெளியே உலவும் அடைப்பில் 8 முதல் 10 சதுர அடி என்பது பொதுவான அளவு. என்னுடைய கொட்டகை 48 சதுர அடி, ஆகவே 12 கோழி என்று தோன்றும். ஆனால் தீவனத் தொட்டியும் கருவிகளும் வைக்க முன்பக்கம் இரண்டடியைத் தடுத்துவிட்டேன். மீதி 36 சதுர அடியில் 9 கோழி. நான் ஆறு போதும் என்று நிறுத்திக்கொண்டேன். மழை விடாமல் பெய்யும் நாட்களில் அவை பகல் முழுவதும் உள்ளேயே கிடக்கும். நெருக்கத்தில் ஒன்றை ஒன்று கொத்தி இறகைப் பிடுங்கத் தொடங்கினால் அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகவும் கடினம். வெளியே 6 அடிக்கு 12 அடி அடைப்பு. ஆறு கோழிக்குத் தாராளம்.

முன்தடுப்பு வைத்தது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. வெளிக்கதவைத் திறந்ததும் கோழி காலுக்குள் புகுந்து ஓடாது. தீவனத்தை மூடியுள்ள தகரத் தொட்டியில் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தொட்டியை எலி ஒரே இரவில் கடித்து ஓட்டை போட்டுவிடும்.

பதினாறு வார வயதில் ஆறு பெட்டைகள் வந்து சேர்ந்தன. இரவில் எந்தப் பிராணியும் நுழைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், பலகை இடுக்கு ஒவ்வொன்றையும் மரச்சட்டம் அடித்து அடைத்திருந்தேன். இருந்த ஒரே ஜன்னலின் கண்ணாடியையும் சாத்தியே வைத்தேன். கொட்டகை பெட்டி மாதிரி இறுக்கமாக நின்றது. பார்க்க நிறைவாக இருந்தது.

மூன்றாவது வாரத்தில் காலை நேரத்தில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் நீர் வழியத் தொடங்கியது. இரண்டு கோழிகள் தும்மின. ஒன்றின் கண்ணோரத்தில் நுரை கட்டியிருந்தது. சளி பிடித்திருக்கிறது, குளிர் போலும் என்று நினைத்து, கதவின் கீழிருந்த இடைவெளியையும் சாக்கை வைத்து அடைத்தேன். வெகுகாலமாகக் கோழி வளர்க்கும் ஓர் அம்மா பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவரை அழைத்து வந்து காட்டினேன். உள்ளே நாற்றம் எதுவும் இல்லையே என்று நான் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நின்றுகொண்டு பார்த்தால் உனக்குத் தெரியாது தம்பி. கோழி உட்காரும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பார்" என்றார்.

குனிந்தேன். கூளத்துக்கு ஒரு சாண் மேலே மூக்கை வைத்ததும் சுருக்கென்று கண்ணில் நீர் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் தொண்டையில் காரம் ஏறியது. ஆறு உயிர்கள் மூன்று வாரமாக இரவெல்லாம் மூச்சிழுத்த காற்று அது.

அம்மோனியா வாயு எச்சத்திலிருந்து வருகிறது. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். ஈரம் பட்டால் நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. கோழிக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. மூச்சு உறுப்புகள் மிக மென்மையானவை. காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கை இந்த வாயு தாண்டக் கூடாது என்பது பண்ணைகளில் வைத்திருக்கும் வரம்பு. நம் மூக்குக்கு நன்றாகத் தெரியும்போது அது அந்த வரம்பை எட்டியிருக்கும். தினமும் உள்ளே போய் வருகிறவரின் மூக்கு அதற்குப் பழகியும் போய்விடும். ஆகவே வாரம் ஒருமுறையாவது, விடிந்து கதவைத் திறந்த அந்தக் கணத்தில், கோழியின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். இப்போதும் நான் இதைத் தவறாமல் செய்கிறேன்.

அன்றே ரம்பத்தை எடுத்தேன். இரண்டு நீளச் சுவர்களிலும் கூரைச் சரிவுக்குக் கீழே, அரையடி உயரத்துக்குப் பலகையை வெட்டி நீக்கினேன். சட்டங்களைத் தொடவில்லை, கூரையின் பாரம் அவற்றின் மேல்தான் நிற்கிறது. எட்டடிக்கு அரையடி என்றால் ஒரு பக்கம் 4 சதுர அடி, இரு பக்கமும் 8. கோழிக்கு ஒரு சதுர அடி திறப்பு வேண்டும் என்ற கணக்குக்குச் சற்று மேலேயே வந்தது. திறப்பு எங்கே இருக்கிறது என்பது அளவைவிட முக்கியம். கட்டை மேல் உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். சூடான ஈரக் காற்று மேலே எழும்பி வெளியேறிவிடும். குளிர்ந்த காற்று கோழியின் உடம்பில் நேராக வீசாது. கோழிக்கு இறகுப் போர்வை இருக்கிறது. உலர்ந்த குளிரை அது தாங்கிவிடும். ஈரமான காற்றோடு குளிரும் சேர்ந்தால்தான் நோய் வரும். நான்கே நாளில் தும்மல் நின்றது. கண் நுரைத்த கோழிக்குக் கால்நடை மருத்துவரிடம் மருந்து வாங்கிப் போட்டேன். பத்து நாளில் தேறிவிட்டது.

ஆனால் அந்த அவசரத்தில் ஒரு தவறு செய்துவிட்டேன். புதிய திறப்புகளுக்கு அப்போதைக்குக் கையிலிருந்த அறுகோணக் கண் வலையை வைத்துச் சின்னப் பின்களால் அடித்தேன். நல்ல வலை வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பதினோராம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது உள்ளே வழக்கமான சத்தம் இல்லை. வலையின் ஒரு மூலை பின்னோடு பெயர்ந்து உள்பக்கமாக மடங்கியிருந்தது. இரண்டு கோழிகள் இறந்து கிடந்தன. மற்ற நான்கும் முட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாக ஒடுங்கியிருந்தன. அன்று முழுவதும் அவை வெளியே வரவில்லை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. உட்கார்ந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும். அந்தக் காலை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தி வைக்கும். வெளியிலிருந்து வருகிற பல்லையும் நகத்தையும் தடுக்காது. அரையங்குலக் கண்ணுள்ள, குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த கம்பி வலைதான் வேண்டும். எலி, பாம்பு, மரநாய் போன்றவற்றுக்கு ஓர் அங்குல இடைவெளியே பெரிய வாசல். சிட்டுக்குருவி உள்ளே வந்து பேனும் செள்ளும் கொண்டுவருவதையும் இந்த வலை நிறுத்திவிடும். அதைப் பின் வைத்து அடிக்காமல், அரையடிக்கு ஒரு திருகு என்று அகலமான வாஷர் வைத்து முறுக்கினேன். மேலே ஒரு மரச்சட்டத்தையும் வைத்து அழுத்தினேன். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன்; அசையவில்லை.

தரைப்பக்கமும் இதே வலைதான். கொட்டகையைச் சுற்றி வெளியே இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையோடு படுக்கவைத்து, ஓரத்தைச் சுவரில் திருகி, மேலே மண்ணைப் போட்டு மூடினேன். தோண்டும் பிராணி சுவரின் அடியில்தான் தோண்டத் தொடங்கும்; கால் நகம் கம்பியில் பட்டதும் விட்டுவிடும். பின்னால் நகர்ந்து வந்து இரண்டடிக்கு அப்பாலிருந்து தோண்ட அதற்குத் தெரியாது. ஆழமாகப் பள்ளம் எடுத்துப் புதைப்பதைவிட இது எளிது. கொட்டகை கற்களின் மேல் தூக்கி நிற்கிறதென்றால் அடியில் இருக்கும் இடைவெளியையும் வலையால் மூடுங்கள். எலிகள் குடியேற அதைவிட வசதியான இடம் வேறு கிடையாது.

கட்டையும் பெட்டியும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டையை முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் வையுங்கள். கோழி, கிடைக்கிற இடங்களில் மிக உயரமானதில்தான் அடையும். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி எச்சமிடும், காலையில் முட்டை அழுக்காகும். கோழிக்கு 25 சென்டிமீட்டர் நீளம் கணக்கு. உருண்டைக் கம்பைவிட, இரண்டங்குலம் அகலமுள்ள, ஓரம் மழுக்கிய சட்டம் நல்லது. பாதம் தட்டையாகப் பதியும். குளிரில் கோழி தன் விரல்களை வயிற்று இறகால் மூடிக்கொள்ளவும் முடியும். உயரம் இரண்டடிக்கு மேல் வேண்டாம். கனத்த கோழி தினமும் உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் அடிபட்டுச் சீழ் வைக்கும். பெட்டி ஒரு கன அடி, நான்கு கோழிக்கு ஒன்று போதும். மேல்மூடியைச் சரிவாக வைத்தால் அதன் மேல் ஏறி உட்காராது.

தரைக்கு மரச்சீவல். அரையடி உயரத்துக்குக் கொட்டி, எச்சம் சேரச் சேரக் கிளறி, புதுச் சீவலை மேலே தூவிக்கொண்டு போவது ஆழ்கூள முறை. கைப்பிடி கூளத்தை எடுத்துப் பிழிந்து பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. கட்டியாக நின்றால் ஈரம் அதிகம். தண்ணீர்க் கலன் எங்கோ சிந்துகிறது என்று பொருள். நான் கலனை முற்றத்து அடைப்புக்கு மாற்றிவிட்டேன். இருட்டில் கோழி குடிக்காது, விடிந்ததும் கதவைத் திறந்துவிட்டால் போதும். ஒரு கோழி நாளுக்குக் கால் முதல் அரை லிட்டர் குடிக்கும்; வெயில் நாளில் இன்னும் கூடும். கட்டைக்கு நேர் கீழே ஒரு பலகைத் தட்டு வைத்திருக்கிறேன். இரவெல்லாம் விழும் எச்சத்தைக் காலையில் இரண்டு நிமிடத்தில் வழித்து எடுத்து உரக்குழியில் போட்டுவிடலாம். கூண்டின் காற்று சுத்தமாக இருக்க இந்தத் தட்டு செய்த உதவி பெரிது.

இரண்டாவது முறை பிரித்துக் கட்டியது கோடையில். வழக்கமாகப் பொழுது சாயும்போது தானாக உள்ளே போய்விடும் கோழிகள், கதவருகே வந்து நின்று தயங்கின. ஒன்று வேலிக் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கொண்டையின் சிவப்பு வெளுத்திருந்தது, முட்டையும் குறைந்தது. பகலில் உள்ளே தேடினேன், ஒன்றும் தெரியவில்லை. இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போய், ஒரு வெள்ளைத் துணியைக் கட்டையின் அடிப்பக்கமாகத் துடைத்தேன். துணியை விளக்கில் விரித்தபோது அது முழுவதும் ரத்தக் கோடுகள்.

சிவப்புச் செள்ளு. பகலில் மர இடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் வந்து கோழியின் ரத்தத்தைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். குடிக்காதபோது சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. கதகதப்பான பருவத்தில் முட்டையிலிருந்து முதிர்ந்த பூச்சியாக ஒரு வாரம் போதும். ரத்தமே கிடைக்காமல் பல மாதம் உயிரோடு இருக்கும்; ஆகவே கோழிகளைச் சில வாரம் வேறிடத்தில் வைத்துவிட்டால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். கட்டை முனைகள் சுவரில் பொருந்தும் இடத்தில் உப்பும் மிளகுத்தூளும் கலந்து கொட்டியது போல இருந்தால் அது இவற்றின் கழிவுதான்.

எங்கிருந்து வருகின்றன என்று தேடியபோதுதான் கொட்டகைக் கூரையின் குறை தெரிந்தது. பலகையின் மேல் தார்த்தாளை ஒட்டிய கூரை அது. பலகைக்கும் தாளுக்கும் நடுவே கத்தியை விட்டு ஒரு சாண் தூக்கினேன். சாம்பல் நிறத்தில் ஒரு படலம் அசைந்தது. அந்த இடுக்குக்குள் மருந்தும் போகாது, வெந்நீரும் போகாது. சாமான் கொட்டகையைக் கோழிக்கு மாற்றுகிறவர்கள் தார்த்தாள் கூரையை முதலிலேயே உரித்துவிட வேண்டும். நான் முழுவதையும் உரித்தேன். எல்லா இணைப்புகளிலும் சோப்புக் கலந்த கொதிநீரை ஊற்றினேன். முட்டைகள் பொரித்துவிடும் என்பதால் ஆறாம் நாள் மறுபடியும், அதற்கு ஆறு நாள் கழித்து மீண்டும் ஒருமுறை. கோழிகளுக்கு மருத்துவர் சொன்ன மருந்து. கூரைக்கு நெளிவுத் தகடு போட்டேன். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே ஓர் அங்குலச் சட்டம் வைத்துக் காற்றோட இடம் விட்டதால் உள்ளே வெப்பமும் குறைந்தது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இறக்கையை விரித்து நின்றால் அது தவிக்கிறது. மேற்குப் பார்த்த ஜன்னலின் கண்ணாடியைக் கழற்றி வலை அடித்து, வெளியே ஒரு சாய்ப்பும் வைத்தேன்.

கட்டைகளை இப்போது ஆணி அடிக்காமல் பள்ளத்தில் செருகி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை கழற்றி முனைகளைப் பார்த்து, வெயிலில் காயவைத்துத் திரும்பச் செருக ஐந்து நிமிடம் ஆகிறது. வெள்ளைத் துணி தடுப்பில் ஓர் ஆணியில் தொங்குகிறது.

போன ஆண்டு இரண்டு இளங்கோழிகளைச் சேர்த்து ஆறாக்கினேன். மூன்று வாரம் தனியே வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, வலைக்கு இப்பாலும் அப்பாலுமாக ஒரு வாரம் ஒன்றையொன்று பார்க்கவிட்டுச் சேர்த்தேன். முதலில் வந்தவற்றை ஒரு வாரம் உள்ளேயே அடைத்து வைத்திருந்ததால் இருட்டினால் இதுதான் வீடு என்று அவற்றுக்குத் தெரியும். புதிய இரண்டில் ஒன்று அவற்றைப் பார்த்துச் சீக்கிரமே பழகிக்கொண்டது. சாம்பல் நிறத்துக் கோழி மட்டும் இன்னமும் கடைசியாகத்தான் வரும். சின்னக் கதவின் முன்னால் நின்று கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி, மற்றவை எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்கும். அவசரப்படுத்தினால் திரும்பி ஓடிவிடும். நானும் அங்கேயே நின்றிருப்பேன். அது உள்ளே போய்க் கட்டை மேல் ஏறும் இறக்கைச் சத்தம் கேட்ட பிறகு, ஆறு என்று எண்ணிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டு, அதன் மேல் கொக்கியையும் மாட்டுவேன்.